கணக்கு வாத்தியாரின் தப்புக் கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் தன் மகளோடு வந்து நின்றார். "சார், அடையாளம் தெரியுதுங்களா?" என்றார். எனக்கு முகங்கள் மறந்துபோகும் வயது. ஆனால் அந்த உயரம் மறக்கவில்லை. நிலைப்படியில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து வந்தார். பின்னால் வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் அப்படியே குனிந்தாள்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர் அவர்களுடையது. மகளை விளையாட்டு விடுதிக்குத் தேர்வு செய்திருக்கிறார்களாம், கூடைப்பந்துக்கு. "அனுப்பட்டுங்களா சார்?" என்று கேட்கத்தான் மலையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். கையில் ஒரு பலாப்பழம் வேறு.

இதே கேள்வியை 2001-இல் அவருடைய அப்பா என்னிடம் கேட்டார். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அனிதா பால்துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்தப் பெயரைக் கேட்டதும் "யார் அது?" என்று கேட்பவர்கள்தான் நம்மில் அதிகம். நானும் 2021 ஜனவரியில் பத்ம விருதுப் பட்டியலில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சென்னைப் பெண். 1985-இல் பிறந்தவர். 16 வயதிலேயே இந்திய அணிக்கு ஆட வந்து, 19 வயதில் அதன் கேப்டன். 2001 முதல் 2017 வரை ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஒன்பது முறை நாட்டுக்காக ஆடியிருக்கிறார். அந்தப் போட்டி இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட்டில் இப்படி ஒருவர் பதினேழு பதினெட்டு வருடம் ஆடியிருந்தால் அவர் பெயரில் சென்னையில் ஒரு கேலரியே இருக்கும். இவருக்குப் பத்மஸ்ரீ வந்தபோதுதான் அவர் தெருக்காரர்களுக்கே முழு விவரம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்தது 2017-இல் நடந்தது. அவர் அப்போது ஒரு குழந்தைக்குத் தாய். பேறுகாலம் முடிந்து திரும்ப வந்து, பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் ஆடினார். இறுதி ஆட்டம் கஜகஸ்தானோடு. 75-க்கு 73. இரண்டே புள்ளி, அதாவது ஒரே ஒரு கூடை. இந்தியப் பெண்கள் ஜெயித்து மேல் பிரிவுக்குப் போனார்கள். அந்த வருடத்தோடு அவருடைய சர்வதேச ஆட்டம் முடிந்தது. அப்போது 32 வயது.

32 வயதில் ஓய்வு! நான் 58-இல் ஓய்வு பெற்றபோது மாலை போட்டு, மைக் வைத்து, கண்ணீர் விட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கே போவதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றி நடந்தேன். அனிதா பால்துரைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றாலும் ஆபீஸ் இருக்கிறது. அவர் தெற்கு ரயில்வே ஊழியர்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் கூடைப்பந்து ஒரு தொழில். என்பிஏ என்கிறார்கள், கோடிக்கணக்கில் சம்பளம். அந்தக் கதவை நம் நாட்டவர் தட்டாமல் இல்லை. பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமத்துப் பையன் சத்னாம் சிங்கை 2015-இல் டல்லஸ் அணி தேர்வு செய்தது. அந்தத் தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். ஊரெல்லாம் கொண்டாடினார்கள். ஆனால் என்பிஏ-வில் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. பிறகு மல்யுத்தக் காட்சிகளுக்குப் போய்விட்டார். பெண்களில் கீது அன்னா ஜோஸ், கேரளத்துக்காரர், ஆறடி இரண்டு அங்குலம். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் அணிக்காகத் தொழில்முறையில் ஆடியவர். 2011-இல் அமெரிக்கப் பெண்கள் லீக் அணிகள் தேர்வுப் பயிற்சிக்குக் கூப்பிட்டன. போய் வந்தார், இடம் கிடைக்கவில்லை. அவருக்கும் சோறு போட்டது தெற்கு ரயில்வேதான்.

உள்ளூரிலும் யுபிஏ என்று ஒரு ஆண்கள் லீக் 2015-இல் தொடங்கி, 2017-க்குப் பிறகு நின்றுபோனது. பெண்களுக்கு அதுவும் இல்லை. ஆக, நம் ஊரில் "தொழில்முறை கூடைப்பந்து ஆட்டக்காரர்" என்றால் ரயில்வேயிலோ, வங்கியிலோ, காவல்துறையிலோ சம்பளம் வாங்கிக்கொண்டு, காலையிலும் மாலையிலும் ஆடுபவர் என்று பொருள். சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆண்கள் அணி எத்தனை வருடமாக இருக்கிறது! பெண்கள் தேசியப் போட்டியில் ரயில்வேதான் பெரும்பாலும் கோப்பையை எடுத்துப் போகும். காரணம் எளிது. வேலை கொடுக்கிற இடத்துக்கு நல்ல ஆட்டக்காரிகள் போகிறார்கள்.

இதை மட்டம் தட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "கோட்டால வந்தவங்கப்பா" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். ஓய்வூதியர் சங்கக் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, சொல்லியும் விட்டேன். பத்தொன்பது வயதில் ஒரு நாட்டின் அணியை நடத்திய பெண் ஒரு ஆபீஸ் நாற்காலிக்கு எந்த விதத்தில் குறைந்தவர்? நாம் பரீட்சை எழுதி வந்தோம், மூன்று மணி நேரப் பரீட்சை. அவர் எழுதிய பரீட்சை பதினேழு வருடம் நடந்தது. ஒவ்வொரு தடவையும் அணியில் இடம் பிடிக்கப் புதிதாக எழுத வேண்டும். அதற்கு நடுவில் முழங்கால், கணுக்கால், பிரசவம்.

அந்த வேலை இல்லாவிட்டால் அவர் ஆட்டம் 22, 23 வயதில் முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். கல்லூரி முடிந்ததும் வீட்டில் மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். மாதச் சம்பளம் கையில் இருந்ததால்தான் ஒரு நடுத்தரக் குடும்பம் "ஆடட்டும்" என்று விட்டிருக்கும். குழந்தை பிறந்த பிறகு திரும்பவும் மைதானத்துக்குப் போக முடிந்ததும் அதனால்தான். தனியார் லீக்கில் பேறுகாலத்தில் ஒப்பந்தம் போயிருக்கும். அரசு வேலையில் விடுப்பு உண்டு, திரும்ப வந்தால் நாற்காலி உண்டு. பத்மஸ்ரீ பதக்கத்தில் பாதி அந்த வருகைப் பதிவேட்டுக்குச் சேர வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வேன். ஆனால் அது வேடிக்கை மட்டும் இல்லை.

சரி, 2001.

அப்போது மலையடிவாரத்தில் ஒரு பள்ளியில் நான் கணக்கு ஆசிரியர். அன்று இது விழுப்புரம் மாவட்டம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல்தானே. பள்ளி மைதானத்தின் ஓரத்தில் ஒற்றைக் கூடைப்பந்துக் கம்பம் உண்டு. பத்தடி உயரத்தில் வளையம், வலை கிடையாது. பலகையில் பாதி செல்லரித்துவிட்டது. முழுக்களம் என்றால் 28 மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் கம்பம் வேண்டும். எங்களுக்கு ஒரு பக்கம்தான். அதிலேயே விடுதியில் தங்கிப் படித்த ஒரு மலைப் பெண் சாயங்காலம் முழுக்கப் பந்து போட்டுக்கொண்டிருப்பாள். வகுப்பில் எல்லோரையும் விட ஒரு தலை உயரம். பந்து கையை விட்டுப் போகும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும், விழுந்துவிடும் என்று.

அந்தப் பெண் படித்த பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியட் வாரத்துக்கு இரண்டு. அந்த இரண்டையும் நான் கேட்டு வாங்கி இயற்கணிதம் நடத்தினேன். பி.டி. மாஸ்டர் நல்ல மனிதர், "எடுத்துக்குங்க சார்" என்பார். தமிழ்நாட்டில் இதைச் செய்யாத கணக்கு வாத்தியார் யாராவது இருந்தால் கை தூக்கலாம்.

மாவட்ட அளவில் ஆடிவிட்டு வந்தாள். பிளஸ் ஒன்னுக்கு விளையாட்டு விடுதியில் இடம் என்று கடிதம் வந்தது. அவளுடைய அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தார். சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவர். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். "வாத்தியாரே, நீங்க சொன்னா அனுப்பறேன்" என்றார்.

நான் சொன்னது இன்றும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "பந்து சோறு போடாதுப்பா. பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பி எதுக்கு வம்பு? டீச்சர் டிரெய்னிங் படிக்க வை."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். டீச்சர் டிரெய்னிங்கும் நடக்கவில்லை. பிளஸ் டூ முடிக்கும் முன்பே கல்யாணம். அந்த மைதானத்தில் நான் இப்படிச் சொன்ன அதே வருடம், அவளுக்கு ஏறக்குறைய சம வயதுப் பெண் ஒருத்தி சென்னையிலிருந்து இந்திய அணிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பெண்களும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்கு நான் காரணம், அவ்வளவுதான்.

கணக்கு வாத்தியாராக இருந்தும் அன்று நான் போட்டது தப்புக் கணக்கு. "இந்தியாவுக்கு ஆடுவாளா, மாட்டாளா?" என்று ஒரே ஒரு கேள்வியை வைத்து, மாட்டாள் என்று விடை எழுதிவிட்டேன். லட்சத்தில் ஒருத்திதான் அனிதா பால்துரை ஆவாள், அது உண்மைதான். அதற்குக் கீழே எத்தனை படிகள் இருக்கின்றன என்று பார்க்கவில்லை. மாநில அணி, பல்கலைக்கழக அணி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், போலீஸ் வேலை, ரயில்வே வேலை, ஒன்றும் இல்லாவிட்டால் உடற்கல்வி ஆசிரியை. இதில் எதுவுமே கிடைக்கவில்லை என்றாலும், ஒரு நகரத்தில் தங்கி பிளஸ் டூ முடித்திருப்பாள். கல்யாணம் இரண்டு மூன்று வருடம் தள்ளிப் போயிருக்கும். மலையில் ஒரு பெண்ணுக்கு அந்த மூன்று வருடம் என்ன விலை என்பது கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. முழங்கால் போனால் எல்லாம் போச்சு. வேலைக்கான இடங்கள் விரல் விட்டு எண்ணும் அளவு. தேசிய அளவில் பெயர் எடுக்காதவர்களுக்குக் கதவு திறப்பது கஷ்டம். என் பேத்தி அமெரிக்காவில் ஆடப்போகிறாள் என்று கனவு காணும் தாத்தாக்களையும் நான் ஆதரிக்கவில்லை. பந்தோடு சேர்த்துப் புத்தகமும் போக வேண்டும். அதனால்தான் விடுதியோடு பள்ளியும் இருக்கிற ஏற்பாடு நல்லது என்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்குக் கள்ளக்குறிச்சி என்றால் 2024 ஜூன் மாதச் சாவுகள்தான் ஞாபகம் வருகிறது. ரயிலில் ஊர்ப் பெயரைச் சொன்னால் எதிர் சீட்டுக்காரர் முகம் மாறுகிறது. இந்த மலைப் பெண் பெயர் ஒரு நாள் பேப்பரில் வந்தால் என்று ஒரு ஆசை எனக்குள் ஓடியது. உடனே அடக்கிக்கொண்டேன். அந்தச் சுமையை ஒன்பதாம் வகுப்புக் குழந்தை தலையில் ஏற்றக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். "அனுப்பும்மா. யோசிக்கவே யோசிக்காதே" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு அப்பாகிட்ட வேற மாதிரி சொன்னீங்களே சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்மா" என்றேன்.

என் வீட்டுக்காரி காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தாள். ரப்பர் செருப்பு, குதிகால் வெளியே நிற்கிறது. மத்தியானம் நாலு பேரும் கள்ளக்குறிச்சி கடைவீதிக்குப் போனோம். ஒன்பதாம் நம்பர் பெண்கள் ஷூ மூன்று கடையில் கேட்டும் இல்லை. கடைசியில் ஆண்கள் ஷூவில் ஒரு ஜோடி அளவாக இருந்தது. கறுப்பு, பக்கவாட்டில் சிவப்புக் கோடு. போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே ஒருமுறை எம்பிக் குதித்தாள், கை மின்விசிறிக்குப் பக்கத்தில் போனது. கடைக்காரர் ஓடிவந்து ஃபேனை நிறுத்தினார்.