பதவிக்குக் கணக்கு உண்டு

சென்ற தவணையில் ஒரு நாள், மேல்வகுப்பு மாணவர்க்கு உத்தரமேரூர்ச் சாசனங்களைப் பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற அச்சாசனங்கள், ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையினால் தெரிந்தெடுத்த முறையை விரித்துரைப்பன. வயது முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். தன் மனையிலே கட்டிய வீடு வேண்டும். இவை உடையார் பெயரே குடத்தில் இடப்பெறும். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது விட்டவனும் அவன் உறவினரும் விலக்கப்பெறுவர்.

பாடம் முடியும் வேளையில், நமுனுகுல மலைப்புறத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் எழுந்து நின்றான். "ஐயா, அப்படியென்றால் எங்கள் அப்பாவின் பெயரைக் குடத்தில் போட்டிருக்கமாட்டார்கள். எங்களுக்குச் சொந்த நிலம் இல்லை, இருக்கிற லயக் காம்பராவும் தோட்டத்துடையது" என்றான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கல்லெழுத்து ஒன்று பசறையின் வகுப்பறையில் இவ்வளவு கூர்மையாகக் குத்தும் என்று யான் எண்ணியதில்லை. அவன் சொன்னது உண்மை. ஆம் என்று தலையசைத்து அமர்ந்துவிட்டேன்.

வீடு திரும்பிய பின்னரே வேறொரு நினைவு எழுந்தது. அச்சாசனத்தில் இருவகை விதிகள் உள்ளன. நிலமும் மனையும் கேட்கும் விதி நம்மை வெளியே நிறுத்துவது. கணக்குக் கேட்கும் விதியோ பதவியிலிருப்பவனை நம் முன் நிறுத்துவது. முதல் வகையான தடைகளை நீக்குவதற்கு மலையக மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் போராடினர், வாக்குரிமையையும் மீட்டுக்கொண்டனர். ஆனால் இரண்டாவது விதியை, அஃதாவது நம் பிரதிநிதியிடம் கணக்குக் கேட்கும் உரிமையை, நாம் எடுத்தாளக் கற்றோமா? கற்கவில்லை என்பதே என் துணிபு. மாலை சூட்டுதலும் வசைபாடுதலும் ஆகிய இரண்டையே அறிவோம். இவ்விரண்டும் கணக்கு ஆகா.

கணக்குப் பார்ப்பது எவ்வாறு என்பதற்கு, இன்று பலரும் மறந்துவிட்ட மூதவையினர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். செனற் சபை என்று வழங்கிய அந்த மூதவை 1947 முதல் 1971 வரை இந்நாட்டில் இருந்தது. உறுப்பினர் முப்பதின்மர். பதினைவரைப் பிரதிநிதிகள் சபை தெரிந்தெடுத்தது. ஏனைப் பதினைவரையும் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். நிதி மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் தடுத்துவைக்க அச்சபைக்கு அதிகாரமில்லை. எனினும் அமைச்சரவையில் இருவரேனும் மூதவையினராக இருத்தல் வேண்டும் என்பது விதி. எனவே, மக்களிடம் ஒரு வாக்கேனும் கேளாத ஒருவர் நாட்டின் ஒரு துறையை ஆளும் அமைச்சராதல் கூடும்.

அவ்வாறு அமைச்சரானவருள் ஒருவர் மு. திருச்செல்வம். 1907 இற் பிறந்தவர். சட்டத்துறையில் உயர்ந்து சொலிசிட்டர் ஜெனரல் பதவி வகித்தவர். அரச சேவையை விட்டபின் தமிழரசுக் கட்சியிற் சேர்ந்தவர். 1965 மார்ச்சுத் தேர்தலில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. பதினான்கு இடங்களைப் பெற்றிருந்த தமிழரசுக் கட்சி, மார்ச்சு 24 இல் டட்லி சேனநாயக்காவுக்கும் செல்வநாயகத்துக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்மீது அரசாங்கத்துக்கு ஆதரவு அளித்தது. கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் எவரும் அமைச்சுப் பதவி ஏற்கவில்லை. மூதவைக்கு நியமனம் பெற்ற திருச்செல்வமே உள்ளூராட்சி அமைச்சரானார்.

அவருடைய வரவுப் பக்கத்தை முதலில் எழுதுவோம். அவர் முதன்மையாகக் கருதிய வேலை அதிகாரத்தைக் கொழும்பிலிருந்து மாவட்டங்களுக்குப் பகிர்வது. 1968 ஆம் ஆண்டு மாவட்ட சபைகள் பற்றிய வெள்ளை அறிக்கை வெளிவந்தது. எதிர்க்கட்சிகளிலும் ஆளுங்கட்சியின் உள்ளேயும் எழுந்த எதிர்ப்பைத் தாங்கமாட்டாமல் அரசாங்கம் அதனைக் கைவிட்டது. அதே ஆண்டில் திருகோணமலைக் கோணேசர் ஆலயச் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை அமைத்தார். பௌத்த பிக்கு ஒருவர் எதிர்ப்புத் தெரிவிக்கவே, பிரதமர் அக்குழுவின் பணியை நிறுத்தினார். திருச்செல்வம் அமைச்சுப் பதவியைத் துறந்தார். ஒரு பதவியின் பயன் முடிந்தது எப்போது என்பதை அறிந்து அதனை விட்டிறங்கும் ஆற்றல் எளிதன்று. பதவி துறந்த பின்னரும் சட்டத்தரணியாய் நின்று உழைத்தவர், 1976 இல் அமிர்தலிங்கம் முதலியோர்மீது நடந்த, யூரி இன்றி நீதியரசர் மூவர் விசாரித்த வழக்கில் எதிரிகளுக்காக வாதாடிய சட்டத்தரணிகளுள் ஒருவர், அவ்வாண்டிலேயே மறைந்தார்.

இனி, பசறையிலிருந்து பார்க்கும் நமக்குரிய பக்கத்தைத் திறப்போம். திருச்செல்வத்தின் கட்சி பிறந்ததே மலையக மக்கள்பொருட்டு எழுந்த ஒரு பிணக்கில் என்பதை இளைஞர் பலர் அறியார். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் தமிழ்க் காங்கிரசுத் தலைவர் பொன்னம்பலம் எதிர்த்து வாக்களித்தார். பின்னர் அமைச்சரானார், 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஆதரவளித்தார். செல்வநாயகம் பிரிந்து சென்று 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தார். அவ்வாண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் நம்மவர் வாக்கையும் பறித்தது. ஆகவே அக்கட்சியின் அமைச்சரிடம் மலையகம் கணக்குக் கேட்பது உரிமையில்லாக் கேள்வியன்று.

கேட்டாற் கிடைக்கும் விடை கலப்பானது. தோட்டத் தொழிலாளரை வேறான வாக்காளர் இடாப்பிற் பதியும் யோசனையை அவ்வரசாங்கம் கைவிட்டது, அது வரவு. ஆனால் 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொணர்ந்த 1967 ஆம் ஆண்டுச் சட்டம் அவர் அமைச்சராய் இருந்த காலத்திலேதான் நிறைவேறியது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் என்று மனிதரை எண்ணிக் கூறிட்ட ஒப்பந்தம் அது. உள்ளூராட்சித் துறை மூன்றாண்டுகளுக்கு மேல் அவர் கையில் இருந்தும், லயத்தில் வாழ்ந்தோர் கிராம சபைக்குப் புறம்பானவராகவே இருந்தனர். 1937 இல் எழுந்த அந்த மதில் அவராலும் இடிக்கப்படவில்லை.

இதனை யான் குறை கூறுதற்பொருட்டுச் சொல்லவில்லை. அக்காலத்து நம்மவர்க்குப் பிரஜாவுரிமை இல்லை, வாக்கு இல்லை, வாக்கில்லாதார் குறையை எந்த அமைச்சர் முதலில் எடுப்பார்? இதே பாடத்தை இன்னொரு மூதவையினர் வாழ்விலும் காணலாம். தோட்டத்திற் பிறந்து கேம்பிரிட்ஜ் வரை சென்று கற்ற பெரி சுந்தரம் 1931 இல் ஹட்டன் தொகுதியிற் போட்டியின்றித் தெரிவாகித் தொழில் அமைச்சரானவர். 1947 இல் மூதவையிலும் அமர்ந்தார். நம் குலத்தவர் ஒருவர் அம்மன்றத்தில் வீற்றிருக்கும்போதே நம் மக்களின் உரிமை ஒன்றன்பின் ஒன்றாகப் பறிபோயிற்று. நாற்காலி நமக்கு இருந்தது. நாற்காலியின் பின்னே நிற்கும் வாக்கு இல்லாமற் போயிற்று. நியமனப் பதவியின் வலுவும் எல்லையும் இவ்விருவர் வாழ்விலும் ஒருங்கே தெரிகின்றன.

அம்மதிலின் விளைவை இன்றும் இவ்வூரிற் காணலாம். என் மாணவர் சிலர் வரும் தோட்டமொன்றில், மழைக்காலத்தில் நோயாளியை நாற்காலியில் இருத்தித் தோளிற் சுமந்தே பெருவீதிக்கு இறக்குவர். பாதையைத் திருத்தித் தருமாறு சபையைக் கேட்டால், "அது தோட்டத்துப் பாதை" என்றனர்; தோட்டத்தைக் கேட்டால், "அது சபையின் வேலை" என்றனர். இவ்வளவுக்கும் பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிவரை செல்லும் பெருவீதி கண்ணுக்கெட்டிய தூரத்திலே கிடக்கிறது. இந்நிலைக்குச் சட்டத்திலேயே வேர் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களில் சபைகள் பணிசெய்வதற்குத் தடையாய் நின்றது. அது திருத்தப்பட்டது 2018 இலேதான். வாக்குரிமை மீண்டும் வந்து நெடுங்காலஞ் சென்ற பின்னரே ஒரு பாதைக்குக் கல் இடும் உரிமை வந்தது. வாக்கு இருந்தும் ஏன் இத்தனை தாமதம்? வாக்களித்தோம், கணக்குக் கேட்கவில்லை. அதுவே விடை.

அண்மைச் சான்று ஒன்று காட்டுவேன். 2020 ஒக்டோபர் 22 ஆம் நாள், சனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய அரசியலமைப்பின் இருபதாவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது, எதிர்த்தவை 65. எதிரணிப் பட்டியலில் நின்று பதுளை மாவட்ட மக்களின் வாக்கைப் பெற்ற தமிழ் உறுப்பினர் ஒருவரும் அதனை ஆதரித்தார். அவர் கட்சியாரும் கூட்டணியினரும் கண்டித்தனர். ஆதரித்தது சரியா பிழையா என்னும் வழக்கை இங்கே யான் எடுக்கவில்லை. அவர் பக்கத்து நியாயமும் இருக்கலாம். என் கவலை வேறு. அவ்வாண்டு நம் ஊர்ச் சங்கங்களிலும் வாசகசாலைகளிலும் "ஏன் அவ்வாறு வாக்களித்தீர்கள்?" என்று அவரை அழைத்துக் கேட்ட கூட்டம் ஒன்றையேனும் யான் கண்டதில்லை. தேநீர்க் கடைகளில் வசை கேட்டேன். வாயிலில் மாலையும் கண்டேன்.

மூதவை 1971 ஒக்டோபரில் ஒழிக்கப்பட்டது. எனினும் அதன் பேச்சு ஒழியவில்லை. 2017 இல் வெளியான அரசியலமைப்பு வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை, 55 உறுப்பினர் கொண்ட இரண்டாவது சபையொன்றைப் பிரேரித்தது. மாகாண சபை ஒவ்வொன்றிலிருந்தும் ஐவர் வருவர் என்பது அதன் திட்டம். ஊவாவுக்கு ஐந்து நாற்காலி! அவற்றுள் ஒன்றேனும் நமக்கு வேண்டும் என்று குரல் எழும்பும், எழும்புதல் முறையே. ஆனால் 2014 இற் தெரிவான ஊவா மாகாண சபையின் காலம் 2019 இல் முடிந்தது. அச்சபையில் நம் உறுப்பினர் எதை ஆதரித்தனர், எதை எதிர்த்தனர் என்று சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்? கணக்குக் கேளாதார்க்கு இன்னும் ஒரு சபை வருவதால் இன்னும் ஒரு மாலைச் செலவு கூடுமேயன்றி வேறு பயன் இல்லை.

ஆதலின் ஆசிரிய நண்பர்களுக்கும் இலக்கிய வட்டத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். பாராளுமன்ற விவாதங்களைத் தரும் ஹன்சாட் யாவரும் படிக்கத்தக்க வெளியீடு. பாடசாலை நூலகத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். நம் மாவட்டத்து உறுப்பினர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். காணி, சம்பளம், கல்வி, பாதை என்னும் நான்கிலும் அவர் என்ன பேசினார், எந்நாளில் எப்பக்கம் வாக்களித்தார், எந்நாளில் சபைக்கு வாராதிருந்தார் என்பவற்றை மாணவர் கையாலேயே எழுதுவியுங்கள். கட்சிப் பெயரை எழுத வேண்டா. நன்றெனில் நன்று என்றும், குறையெனில் குறை என்றும் அப்பக்கமே சொல்லும். திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என அடுத்தடுத்து இரண்டு அதிகாரம் வைத்த ஆசிரியர், ஒருவனை ஆராய்ந்து நம்புவதோடு நில்லாமல், அவன் செயலையும் நாடிப் பார்க்கச் சொன்னார். நாம் முதலதிகாரத்தோடு நூலை மூடிவிடுகிறோம்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, "உன் தந்தையின் பெயரைக் குடத்தில் இடாதிருந்திருப்பர், ஆனால் கணக்கு எங்கே என்று கேட்க நிலமும் வேண்டா, மனையும் வேண்டா" என்றேன். சிறிது நேரம் நின்றவன், "அப்படியென்றால் அந்தக் குறிப்பேட்டை நானே தொடங்குகிறேன், ஐயா" என்றான். இப்போது நான்கு பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன.