கதவைத் திறந்துவிட்டதற்கு 2 லட்சமா?

கோவைக்கு வெளியே இருக்கும் அந்த முதியோர் குடியிருப்பில் எங்கள் அம்மா இருந்தது மொத்தம் 19 நாள். இருபதாம் நாள் விடியற்காலையில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கணக்குக் கேட்கப் போனேன். ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். இரண்டு நைட்டி, மூக்குக் கண்ணாடி, அவள் பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். கூடவே ஒரு தாள். சேர்க்கைக் கட்டணம் 2 லட்சம் ரூபாய், திருப்பித் தரப்படாது. முன்பணத்தில், அறைக்குப் பெயின்ட் அடிக்க 12,000 பிடித்தம்.

எந்தச் சுவரை அழுக்காக்கினாள் என் அம்மா? கட்டிலை விட்டு இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும் அவளுக்கு!

முழு மாத வாடகையை எடுத்துக்கொண்டார்கள், போகட்டும். சாப்பாடு, நர்ஸ், டயப்பர் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக பில் போட்டார்கள், கட்டினேன். அப்படியானால் அந்த 2 லட்சம் எதற்கு? கேட்டேன். “அட்மிஷன் சார்ஜ் மேடம். எல்லாருக்கும் அதுதான். நீங்க சைன் பண்ணியிருக்கீங்களே” என்றார் மேனேஜர்.

ஆமாம், போட்டேன். அம்மா ஆம்புலன்ஸில் படுத்திருக்கிறாள், வாசலில் வெயில் கொளுத்துகிறது, 32 பக்க ஒப்பந்தத்தை நீட்டுகிறார்கள். அவர்கள் விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டேன். அந்த நேரத்தில் எந்த மகள் உட்கார்ந்து படிப்பாள்?

அந்தப் பணம் அம்மாவின் வளையல். “என்னால நீ கடன்படக் கூடாது” என்று அவளே கழற்றிக் கொடுத்தது. சொந்தக்காரர்களோ, “செத்தவ காசுக்கா இப்படி அலையறே?” என்கிறார்கள். இந்தக் கூச்சத்தை நம்பித்தான் குடியிருப்பை நடத்துகிறவர்கள் பணத்தை அமுக்குகிறார்கள். அழுகிறவள் ரசீதைத் தூக்கிக்கொண்டு வரமாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் விடப்போவதில்லை. கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது என்பது பொய். மிதமிஞ்சிய காப்புத்தொகை, நியாயமில்லாத கட்டணம் ஆகியவற்றை நுகர்வோர் தலையில் கட்டும் ஒப்பந்தத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(46) சொல்கிறது. அப்படிப்பட்ட நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்க மாநில ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். எனக்கு இதெல்லாம் அம்மா போன பிறகுதான் தெரிந்தது.

உங்கள் அம்மாவையோ அப்பாவையோ இப்படி ஓர் இடத்தில் சேர்க்கப் போகிறீர்களா? ஒப்பந்தத்தை இரண்டு நாள் முன்னாலேயே வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள். பாதியில் கிளம்பினால் எவ்வளவு திரும்பி வரும் என்று எழுதிக் கேளுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தயவுசெய்து ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள்.