முதலில் ஆட்டோகிளேவைக் காட்டுங்கள், டாக்டர்

எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்குப் பல் வைத்தியம் பார்க்கும்படி தனியார் மருத்துவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வாதாடுகிறார் ஒரு பல் மருத்துவர். நாற்காலியில் உட்காரும் முன் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டுமாம். பாசிட்டிவ் என்றால் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவாராம். இதை யாரும் பாகுபாடு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாதாம். வெள்ளைக் கோட்டுக்குள்ளிருந்து வந்தால் தீண்டாமைகூட மருத்துவ ஆலோசனை மாதிரிதான் கேட்கிறது.

தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் பரிசோதனை அதைக் காட்டாமல் போகலாம். அந்த நாட்களில்தான் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகம். அப்படி ஒருவர் 'நெகட்டிவ்' சீட்டோடு வந்தால் டாக்டர் நிம்மதியாக வேலை பார்ப்பார். ஒழுங்காகக் கூட்டு மருந்து சாப்பிட்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த ஒருவர் உண்மையைச் சொன்னால் வாசலைக் காட்டுவார். ஆபத்து குறைந்தவரைத் துரத்திவிட்டு, ஆபத்து மிகுந்தவரை உட்காரவைக்கும் இந்தத் திட்டத்துக்குப் பெயர் பாதுகாப்பாம்!

தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் 3. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ்-பி பரவும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை போகும். ஆனால் ஹெபடைடிஸ் பற்றி அவர் மூச்சு விடவில்லை. அதற்குத் தடுப்பூசி இருக்கிறதே என்பார். இருக்கிறது. கிளினிக்கில் கருவி கழுவும் உதவியாளப் பெண்ணுக்கு அதைப் போட்டாரா? ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாரா? 'என் ஊழியர்கள், என் குடும்பம்' என்று உருகுகிறவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

'மறுக்கவில்லை, வேறு இடத்துக்கு அனுப்புகிறேன்' என்பதும் பழைய பாட்டுதான். 1994-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிராக்டன் என்ற பல் மருத்துவர், தொற்றுள்ள பெண்ணின் சொத்தைப் பல்லை மருத்துவமனையில் வைத்து அடைப்பதாகவும், அந்த இடத்துக்கான செலவு அந்தப் பெண்ணுடையது என்றும் சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அறிகுறி இல்லாத எச்.ஐ.வி. தொற்றாளருக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 1998-இல் தீர்ப்பு வந்தது. அந்த நாட்டில் 1985 முதல் 2013 வரை பணியிடத்தில் எச்.ஐ.வி. தொற்றியதாக உறுதியான மருத்துவப் பணியாளர்கள் 58 பேர். அவர்களில் பல் மருத்துவத் துறையினர் ஒருவர்கூட இல்லை.

நம் நாட்டுச் சட்டத்தையும் டாக்டர் படிக்கவில்லை போலும். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சை மறுப்பதும், சிகிச்சைக்கு முன்நிபந்தனையாகப் பரிசோதனை கேட்பதும் அதில் பாகுபாடுதான். ஊழியருக்குக் கையுறை முதல் தடுப்பு மாத்திரை வரை தர வேண்டிய கடமையும் நிறுவனத்தின் தலையில்தான்.

விரட்டப்பட்டவர் என்ன செய்வார்? அரசு மருத்துவமனைக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகும். அடுத்த முறை வேறு கிளினிக்கில் வாயே திறக்க மாட்டார். சாப்பிடும் மாத்திரை என்ன என்று தெரியாமலே அந்த மருத்துவர் மருந்து எழுதுவார். வாயில் வெள்ளைப் படலம் படர்வதை முதலில் பார்க்கக்கூடியவர் பல் மருத்துவர். அதைப் பார்த்துத்தான் தொற்று வெளிப்பட்டவர்கள் உண்டு. அந்தக் கண்ணைத்தான் நம் டாக்டர் மூடிக்கொள்கிறார். நோயாளியைப் பொய் சொல்லப் பழக்குவதும் அவரே, பொய் சொல்கிறார்கள் என்று புலம்புவதும் அவரே.

கடைசியாக, 'மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள்' என்கிறார். பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் சுழன்று நிற்கும் கணத்தில் எச்சிலையும் ரத்தத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அது, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போக வேண்டும். இதைச் செய்யும் கிளினிக்குக்கு யார் பாசிட்டிவ் என்று தெரிந்தாக வேண்டிய அவசியமே இல்லை. செய்யாத கிளினிக்கிலிருந்து எல்லா நோயாளிகளும் ஓடுவதே நல்லது.

எனவே வாசகர்களே, அடுத்த முறை பல் காட்டப் போகும்போது கேளுங்கள்: "டாக்டர், இந்த ஹேண்ட்பீஸ் ஆட்டோகிளேவ் செய்ததா?" பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.