ஒளியை ஒளித்த விளக்கு

விளக்கென்றால் வெளிச்சம் தருவது என்றே நாம் எண்ணுகின்றோம். வெளிச்சத்தை அடக்குவதற்கென்றே செய்யப்பட்ட விளக்குகளும் உண்டு. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஓடிய படை வண்டிகளைத் தேடியெடுத்து, திருத்திப் பழைய கோலத்தில் நிறுத்துவோர் மேனாடுகளிற் பலர். எஞ்சினுக்காக அலைவது போலவே இச்சிறு விளக்குகளுக்காகவும் அவர்கள் அலைகின்றனர். அந்த அலைச்சலில் பொருளுண்டா?

1939 செப்டெம்பர் முதலாந் திகதி பிரித்தானியாவில் இருட்டடிப்புத் தொடங்கியது. விமானங்களுக்குத் தெரியாதபடி வண்டிகளின் முகவிளக்குகளுக்கு மூடியிட்டனர். 1941 இல் அந்நாட்டு வீதி விபத்துக்களில் 9,169 பேர் மாண்டனர். வேறெந்த ஆண்டிலும் அத்தொகை எட்டப்படவில்லை. இருள் அதற்கொரு பெருங் காரணம். பகைவன் கண்ணுக்குத் தப்பவும் வேண்டும். பின்னால் வருகின்ற தோழனுக்குத் தெரியவும் வேண்டும். இதுவே படை வண்டிகளுக்கு நேர்ந்த இக்கட்டு.

பிரித்தானியப் படை லொறிகளின் பின்னச்சு நடுவேயுள்ள உருண்டைப் பகுதிக்கு வெள்ளை பூசி, அதன்மேல் ஒரு சிறு விளக்கொளி விழச் செய்தனர். பின்வரும் சாரதி அவ்வெள்ளையைப் பார்த்தே ஓட்டினார். அமெரிக்க ஜீப்பின் பின்விளக்குகள் இன்னும் நுட்பமானவை. சுமார் 60 அடிக்குள் நெருங்கினால் நான்கு ஒளிப்புள்ளிகள் தெரியும், அதற்கப்பால் இரண்டாகும், 180 அடியைத் தாண்டினால் ஒன்றாகிவிடும். இரண்டு தெரியும்படி ஓட்டினால் இடைவெளி சரி. தொலைவில் வரும் மோட்டார் வண்டியின் இரு விளக்குகள் முதலில் ஒன்றாய்த் தோன்றுவதை மாணவர்கள் கண்டிருப்பர், தத்துவம் அதுவே.

ஆகவே, பொருந்துகின்ற ஏதோவொரு விளக்கை வாங்கிப் பூட்டினாற் போதாது. 1941 முதல் 1945 வரை செய்யப்பட்ட ஜீப்புகளின் மின்னமைப்பு 6 வோல்ட். 1950 இல் வந்த படை ஜீப்பினதோ 24 வோல்ட். பிந்தியதன் விளக்கை முந்தியதிற் பூட்டினால் காலம் பிழைக்கும். இடப்பக்க முன் மட்காட்டின்மேல் நிற்கும் இருட்டடிப்பு ஓட்ட விளக்கும் முதல் வண்டிகளில் இல்லை, பின்னரே சேர்க்கப்பட்டது. போட் கம்பனி தான் செய்த ஜீப்பின் உறுப்புக்களில் 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. அக்காலப் புகைப்படங்களும், 1944 இல் அமெரிக்கப் படைத்துறை வெளியிட்ட பராமரிப்புக் கைந்நூலும் ஐயந் தீர்க்க உதவும்.

அசல் அகப்படாவிடில் என் செய்வது? புதிதாகச் செய்த பிரதியைப் பூட்டுவதில் இழுக்கில்லை. அது பிரதியென்று எழுதி வைப்பதே நேர்மை. இன்னொன்றும் சொல்வோம்: மறைந்திருக்கச் செய்த விளக்கு இன்றைய வீதியில் உயிர்காக்காது. இரவில் வண்டியை வெளியே எடுப்பவர், கழற்றக்கூடிய பிரகாசமான விளக்கொன்றைப் பின்னால் மாட்டுவது கடமை.

பழைய வண்டி பளபளப்புக்காக நிற்பதன்று. இருளில் ஒருவரையொருவர் இழந்துவிடாமல் மனிதர் எவ்வாறு ஊர்ந்தனர் என்பதற்கு அது சாட்சி. அச்சாட்சியின் வாய் அச்சிறு விளக்கு. அது பொய் பேசலாகாது.