எதைக் கொடுக்கலாம்? எதைக் கொடுக்கக் கூடாது?

எங்கள் எதிர்வீட்டுப் பெண் சத்துமாவு அரைத்து விற்கிறாள். ஆரம்பத்தில் தெருவில் நாலு வீடுகளுக்குத்தான் கொடுத்தாள். வாய்வார்த்தையாகப் பரவி, இப்போது வாட்ஸ்அப்பில் சென்னை, பெங்களூர் என்று ஆர்டர் வருகிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? ஆனால் ஒருநாள் மத்தியானம் கண் கலங்க வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, வறுக்கிறது, மில்லுக்குப் போறது, சலிக்கிறது எதுவும் எனக்குக் கஷ்டமில்லே. இந்தப் போன்தான் உயிரை வாங்குது. விலை என்ன, எப்போ வரும், பார்சல் எங்கே இருக்குன்னு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கேள்வி. குழந்தைக்கு நாலு வாய் ஊட்டறதுக்குள்ளே மூணு தடவை எழுந்து ஓடறேன்."

"ஒத்தாசைக்கு ஒரு ஆளை வெச்சுக்கோயேன்" என்றேன்.

"வெச்சேன் அக்கா. அதிலேதான் இன்னிக்கு வயித்திலே நெருப்பைக் கட்டிக்கிட்டேன்!"

அவள் வைத்தது இணையவழி உதவியாளர். 'வர்ச்சுவல் அசிஸ்டென்ட்' என்கிறார்களே, அதுதான். இங்கே நான் சொல்வது இயந்திரத்தை அல்ல. நம்மைப் போல ஒரு மனுஷியை. வேறு ஊரில் தன் வீட்டிலேயே இருந்துகொண்டு, போனிலும் கம்ப்யூட்டரிலும் நம் வேலைகளைச் செய்து கொடுப்பார். மணிக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ சம்பளம். இவளுக்குக் கிடைத்தவளும் கைக்குழந்தைக்காரி, கெட்டிக்காரி. நம் பெண்தான் அலுப்பில், எல்லாப் பதில்களையும் ஒரே நாளில் அவள் தலையில் கட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள் ஒரு தாய் கேட்டிருக்கிறாள்: "உங்கள் மாவில் வேர்க்கடலை உண்டா?" உதவியாளர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, "இல்லை மேடம்" என்று பதில் போட்டுவிட்டாள். அது பழைய பட்டியல். இரண்டு மாதமாக வேர்க்கடலை சேர்ப்பதை நம் பெண் அவளிடம் சொல்லவே இல்லை. நல்லவேளை, மாவு வந்ததும் அந்தத் தாய் பாக்கெட் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுப் போன் செய்தாள். அவள் குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாதாம். அந்த அலர்ஜி கடுமையாக இருந்தால், துளி வேர்க்கடலை கூட மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விட்டுவிடும். நினைத்துப் பாருங்கள்!

"இனிமே யாரும் வேண்டாம் அக்கா, எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன்" என்றாள்.

"ஆளை நிறுத்திட்டா சரியாப் போச்சா? கல்யாண வீட்டிலே காய் நறுக்கப் பத்துப் பேர் வருவாங்க. உப்புப் போடறது ஒருத்தர்தானே? நீ உப்பு டப்பாவையும் சேர்த்துக் கொடுத்துட்டே" என்றேன்.

பிறகு இருவருமாக உட்கார்ந்து வேலைகளைப் பிரித்தோம். வீட்டிலிருந்தபடியே தையல், ஊறுகாய், பொடி வகை என்று ஏதாவது செய்து விற்கும் சகோதரிகளுக்கு இது உபயோகப்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு

ஆளைத் தேடுவதற்கு முன் ஒரு வாரம், தொழிலுக்காக நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று எழுதி வாருங்கள். விலை சொல்வதும் பார்சல் விவரம் சொல்வதுமே தினம் 2 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாளைக்கு 52 மணி நேரம்! கொடுக்கப்போகும் சம்பளத்தை இந்த 52 மணி நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டுபடியாகுமா என்பது தெரிந்துவிடும். சில வேலைகள் தேவையே இல்லை என்பதும் தெரியும். தினமும் எல்லாருக்கும் காலை வணக்கப் படம் அனுப்புவதை நிறுத்திவிடலாமே! அதற்கு ஒரு ஆளா?

மிச்சமுள்ள ஒவ்வொரு வேலையைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் வேலையா?

2. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், புதியவர் ஒருவர் செய்துவிடுவாரா?

3. தப்பு நடந்துவிட்டால், மன்னிப்புக் கேட்டுத் திருத்திவிட முடியுமா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். மூன்றாவதற்கு 'இல்லை' என்றால், மற்ற இரண்டும் எப்படி இருந்தாலும் அது உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கொடுக்கக் கூடியவை

விலைப்பட்டியல் அனுப்புவது, விலாசமும் பின்கோடும் கேட்டு வாங்குவது, கூரியர் நம்பர் தெரிவிப்பது, ஆர்டர்களைப் பட்டியலில் ஏற்றுவது, இன்ஸ்டாகிராமில் படம் போடுவது, செலவு பில்களைத் தேதிவாரியாகப் பதிவது. வாட்ஸ்அப் பிஸினஸ் செயலியில் வழக்கமான பதில்களை முன்பே எழுதி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. 'புது ஆர்டர்', 'பணம் வரவேண்டும்' என்று அடையாளச் சீட்டுப் போடவும் முடியும். பதில்களை நீங்களே உங்கள் பாஷையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கொடுக்கக் கூடாதவை

சேர்மானம், அலர்ஜி, குழந்தையின் வயது பற்றிய கேள்விகள் எல்லாம் உங்களிடமே வரவேண்டும். "நாலு மாசக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. விற்பனை போனாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். சந்தேகமிருந்தால் டாக்டரைக் கேட்கச் சொல்ல வேண்டும். பாக்கெட் லேபிளும் உங்கள் பொறுப்பே. வேர்க்கடலை, முந்திரி, பாதாம், பால், கோதுமை போன்றவை இருந்தால் தனியே குறிப்பிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள் சொல்கின்றன.

அடுத்தது பணம். யுபிஐ பின் நம்பர், ஓடிபி, பாங்க் பாஸ்வேர்டு ஆகியவற்றை எத்தனை நல்லவரானாலும் யாரிடமும் கொடுக்காதீர்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. 'பணம் போட்டாச்சு' என்று வாடிக்கையாளர் அனுப்பும் படத்தை நம்பிப் பார்சலை அனுப்பவும் வேண்டாம். அப்படிப் போலிப் படங்கள் வருகின்றன. உங்கள் கணக்கில் பணம் ஏறியதை நீங்களே பார்த்துச் சொன்ன பிறகுதான் உதவியாளர் ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். மோசடி ஏதும் நடந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பை உதவியாளரின் கம்ப்யூட்டரில் இணைத்தால், உங்கள் சொந்தப் பேச்சுகளும் அவர் கண்ணில் படும். ஆகவே தொழிலுக்குத் தனி நம்பர் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேலையை விட்டால் அன்றே அந்த இணைப்பை எடுத்துவிடுங்கள்.

கேட்டுச் செய்ய வேண்டியவை

பார்சல் உடைந்தது, ருசி மாறிவிட்டது போன்ற புகார்கள் இந்த ரகம். "உங்கள் செய்தி கிடைத்தது, இன்று மாலைக்குள் அவரே பேசுவார்" என்பதுவரை உதவியாளர் சொல்லலாம். பேசுவது நீங்கள்தான். மனத்தாங்கலோடு வருகிறவளுக்கு, மாவு அரைத்தவளே பேசினால் பாதிக் கோபம் போய்விடும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். முதல் வாரம் ஒரே ஒரு வேலை, அது சரியாக நடந்தால் அடுத்தது. சேர்மானமோ விலையோ மாறினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அந்தப் பக்கம் இருப்பவளும் ஒரு பெண் என்பதை மறக்க வேண்டாம். வேலை நேரத்தை முன்பே பேசிக்கொண்டு, அதற்குப் பிறகு கூப்பிடாமல் இருங்கள். சம்பளத்தை ஒப்புக்கொண்ட தேதியில் கொடுத்துவிடுங்கள். நம் தூக்கத்தை மீட்பதற்காக இன்னொருத்தியின் தூக்கத்தைக் கெடுக்கலாமா?

எதிர்வீட்டுப் பெண் அந்த உதவியாளரையே தொடர்ந்து வைத்துக்கொண்டாள். மறுநாளே அவளைக் கூப்பிட்டு, "தப்பு என்னோடதும்மா" என்று சொல்லியிருக்கிறாள். இப்போது அவர்கள் பட்டியலின் தலைப்பில் ஒரு வரி இருக்கிறது: 'சாப்பாடு, குழந்தை, பணம் - இந்த மூன்றும் வந்தால் என்னைக் கூப்பிடு.'

நேற்றுச் சாயங்காலம் போனேன். திண்ணையில் உட்கார்ந்து குழந்தைக்கு நிலாக் காட்டிச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். போன் உள்ளே எங்கேயோ கிடந்தது.