கடையில் சாது, வீட்டில் ரவுடி

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் தாமான் வீடுகளிலும் வரவேற்பறை மூலையில் 2 அடி மீன்தொட்டி ஒன்று இருப்பது இன்று சாதாரணம். வாங்கிய ஒரே வாரத்தில் பலர் ஒரே புகாரோடு கடைக்குத் திரும்புகிறார்கள்: "உங்க தொட்டியில நூறு மீன் ஒண்ணா நீந்துச்சு. எங்க வீட்டுல ஆறே மீன். அதுல ஒண்ணு மத்ததையெல்லாம் விரட்டி விரட்டிக் கடிக்குது. என்ன மீனைக் கொடுத்தீங்க?"

கொடுத்தது அதே மீன்தான். மாறியது இடம். கடைத் தொட்டியில் கல் இல்லை, செடி இல்லை, பிடித்துவைத்துக்கொள்ள ஒரு மூலையும் இல்லை. போதாததற்கு நெரிசல். ஒன்றை விரட்டினால் அந்த இடத்துக்கு ஒன்பது வரும். காவல் காப்பதில் இலாபமே இல்லை. வீட்டில் நாம் ஆசையாக ஒரு பாறை வைக்கிறோம், பக்கத்தில் ஒரு மண்சட்டி, தினமும் அதே இடத்தில் ஒரு சிட்டிகைத் தீவனம். காவல் காக்கத் தகுந்த சொத்தை நாமே உண்டாக்கிக் கொடுத்துவிடுகிறோம். இருப்பவற்றில் வலுத்தது அதற்குப் பட்டா போட்டுக்கொள்கிறது.

இயற்கையில் இந்தச் சண்டை சீக்கிரம் முடியும். தோற்றது ஓடிப்போகும்; கண்ணில் படாவிட்டால் வென்றது மறந்துவிடும். தொட்டியிலோ தோற்ற மீன் எங்கே ஓடினாலும் 60 சென்டிமீட்டரில் கண்ணாடி. தான் தோற்றதைக் காட்ட விலகிப்போக அதற்கு இடமில்லை. சண்டை தொடர்வதற்கு மீனின் குணத்தைவிட இந்தக் கண்ணாடிதான் பெரிய காரணம்.

இதை விளக்க நம் மண்ணின் மீனே இருக்கிறது. வயலிலும் வாய்க்காலிலும் வாழும் பெட்டா இம்பெல்லிஸ் என்ற சிறு சண்டைமீனுக்கு 1975-இல் அறிவியல் பெயர் வைத்தவர் ஜெர்மானியரான வெர்னர் லாடிகெஸ். அவர் விவரித்த மீன் கோலாலம்பூரைச் சேர்ந்தது. அதன் ஆண்கள் எதிர்ப்பட்டால் செவுளை விரித்து, நிறத்தைக் கூட்டி, பக்கவாட்டில் நின்று மிரட்டும். பெரும்பாலும் கடிபடும் முன்பே ஒன்று ஒதுங்கிவிடும். இரவுச் சந்தையில் போத்தலில் விற்கும் நீண்ட வால் மீனோ தாய்லாந்து வம்சம். அதன் மூதாதைகள் சண்டைக்கென்றே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவை. அந்த வம்சம் மனிதர் கைக்கு வந்து குறைந்தது 1000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று மரபணு ஆய்வு சொல்கிறது. விற்பவர் போத்தல்களுக்கு நடுவே அட்டை செருகி வைப்பதைக் கவனித்திருப்பீர்கள். தீர்வின் பாதி அந்த அட்டையில் இருக்கிறது: பார்வையை மறைத்தால் கோபம் அடங்கும்.

நிறமும் சண்டையைத் தூண்டும். நெதர்லாந்தில் நிகோ டின்பெர்கன் வளர்த்த ஸ்டிக்கில்பேக் மீன்களில் ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வயிறு சிவக்கும். ஜன்னலுக்கு வெளியே சிவப்புத் தபால் வண்டி போனபோது அந்த ஆண்கள் அதையும் எதிரியாக நினைத்துக் கண்ணாடிப் பக்கம் பாய்ந்தன. (விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.) வண்டியையே ஒரு மீன் எதிரியாக நினைக்குமென்றால், சண்டைமீன் தன்னைப் போலவே அகன்ற வால் உள்ள கப்பியை விட்டுவைக்குமா? இரண்டையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள்.

சரி, அடி நடக்கிறது, என்ன செய்வது? பெரும்பாலோர் அடிபட்டதை வெளியே எடுக்கிறார்கள். இரக்கம் சரிதான், கணக்குத் தப்பு. அடிப்பவன் தன் எல்லையோடு அப்படியே இருக்கிறான். மறுநாள் அடுத்தது மாட்டும். எடுக்க வேண்டியது அடிப்பவனை. சில நாள் தனியே வைத்துவிட்டு, அதற்குள் கல்லையும் செடியையும் இடம் மாற்றுங்கள். விளக்கை அணைத்தபின் திரும்ப விடுங்கள். பழைய மூலை இல்லை, மற்றவை இப்போது ஊர்க்காரர்கள், இவன்தான் புதியவன். மீன்களில் இருப்பவனுக்கே பலம், வந்தவனுக்கு அல்ல. புது மீன் சேர்க்கும்போதும் இதே முறைதான்.

சண்டை வருமுன் தடுக்க எண்ணிக்கையையும் கவனியுங்கள். டைகர் பார்ப் வாங்குகிறவர்கள் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்வதுதான் வினை. எட்டுக்கு மேல் இருந்தால் தமக்குள்ளேயே மிரட்டிக்கொண்டு திரியும். குறைவாக இருந்தால் ஏஞ்சல் மீனின் நீண்ட துடுப்பைக் கொத்தப் போகும். கப்பியில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பெண்ணைத் துரத்தியே களைக்கவைத்துவிடும். தீவனத்தை இரண்டு மூன்று இடங்களில் தூவுங்கள். தொட்டியைக் குறுக்கே பார்த்தால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி தெரியாதபடி ஜாவா ஃபெர்ன், மரக்கட்டை என்று வையுங்கள். கடையைப் பார்த்து நெரிசலைக் கூட்டுவது மட்டும் வேண்டாம். அங்கே மீன் சில நாள்தான் தங்கும். உங்கள் வீட்டிலோ கழிவின் அமோனியா மாதக்கணக்கில் தாக்கும்.

எப்போது தலையிட வேண்டும்? செவுள் விரிப்பும் சிறு துரத்தலும் வழக்கமானவை. ஆனால் ஒரு மீன் ஃபில்டருக்குப் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டி, துடுப்பை மடக்கி, நிறம் வெளுத்து நின்று, தீவனம் விழும்போதும் வெளியே வராவிட்டால் அன்றைக்கே பிரியுங்கள். கிழிந்த வால் வளர்ந்துவிடும்; அதில் அழுகல் பிடித்து உடலுக்குப் பரவினால் மீன் பிழைப்பது கடினம்.

இவ்வளவு செய்தும் அடங்காத மீன்கள் உண்டு. மலேசியாவிலேயே 1990-களில் கலப்பினமாக உருவான ஃபிளவர்ஹார்ன் அப்படித்தான். அதற்குத் தனித்தொட்டியே வழி. உங்களால் அது முடியாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள், வளர்க்கத் தெரிந்தவருக்குக் கொடுங்கள். ஆற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து தொட்டிக்கென்று வந்த 'பண்டாராயா' மீன், இன்று லங்காட் ஆற்றில் தன்னார்வலர்கள் பிடித்து அகற்றும் அளவுக்குப் பெருகியிருக்கிறது.