மூத்தம்மாவின் கவியும் சுயாதீன இசைதான்

மின்வெட்டு, டியூஷன், தீர்ந்துபோன டேட்டா என உயர்தர மாணவியின் நாள் சலிப்பிலேயே கழிகிறது. இதற்கிடையில் சினிமா சாராத புதிய பாடல்களைத் தேடிக் கேட்பது வீண்பொழுது என்கிறார்கள். நான் உடன்படமாட்டேன்.

2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’க்குத் திரைப்படமும் இல்லை, நாயகனும் இல்லை. சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி தீயும் அறிவும் பாடினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தன் பாட்டியின் தலைமுறையை அறிவு அதில் எழுதினார். கடல்கடந்தும் கேட்டார்கள்.

கிழக்கின் வயல்களில் நம் முன்னோர் பாடிய கவிகளும் எந்தக் கம்பனியையும் நம்பிப் பிறந்தவையல்ல. அவற்றை அறிந்த மூத்தம்மாமார் குறைந்து வருகிறார்கள். தோழியரே, புதுப்பாட்டைத் தேடும் அதே கைப்பேசியில் அவர்கள் குரலையும் பதிவுசெய்வோம். அதற்கு டேட்டாகூட வேண்டாம்.